மூங்கில் விரியனை அடைத்து வளர்க்க: வேலூர்ப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் கல்லூரி விலங்கியல் துறையிலோ உயிரியல் பூங்காவிலோ ஆய்வுக் குழுவிலோ புதிதாகச் சேர்ந்து, மரத்தில் வாழும் நச்சுப் பாம்பைப் பராமரிக்கும் பொறுப்பு கைக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதியது இது. வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் முதல் படியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு வேண்டிய பதில் அதிலேயே இருக்கிறது.

1. எந்தப் பாம்பு, யார் வைக்கலாம்

நம் ஊரில் பச்சையாக மரத்தில் கிடந்தால் எல்லாமே "பச்சைப்பாம்பு"தான். அதில் இரண்டு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சாட்டை போல ஒல்லியாக, கூர்மூக்கோடு, கண்ணின் பாவை கிடைமட்டக் கீற்றாக இருந்தால் அது கண்குத்திப் பாம்பு. அதன் நஞ்சு லேசானது. தலை முக்கோணமாக, கழுத்து சிறுத்து, உடல் குட்டையும் தடிப்புமாக, பாவை செங்குத்துக் கீற்றாக, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி தெரிந்தால் அது மூங்கில் விரியன். மூங்கில் குழிவிரியன் என்றும் சொல்வார்கள். ஓடையோர மூங்கில் புதரில் இரவில் இரைக்குக் காத்துக் கிடக்கும். இந்தக் கட்டுரை விரியனைப் பற்றியது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பைத் தனி ஆள் பிடிக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது கூடுதல் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கும் உயிரினம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. "நான் பாம்பு மீட்பவன், வனத்துறைக்கு என்னைத் தெரியும்" என்பது அனுமதி ஆகாது. மீட்ட பாம்பை இரண்டு நாள் டப்பாவில் வைத்து வீடியோ எடுப்பதும் வைத்திருப்பதுதான்.

வெளிநாட்டு மரப்பாம்பின் மேல் ஆசை என்றால் அதற்கு வேறு வாசல். சட்டத்தின் நான்காம் அட்டவணையில் (பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு உள்ள உயிரினங்களின் பட்டியல்) இருக்கும் உயிரினம் என்றால், 2024 விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் பதிவு விண்ணப்பம் போட்டாக வேண்டும். அந்த வழியில் போகிறவர்கள் நஞ்சில்லாத இனத்தோடு நிற்பது நல்லது. காரணம் மூன்றாம் படியில்.

2. காகிதங்கள்

உங்களுக்குத் திறந்திருக்கும் வழி இரண்டு. ஒன்று, சட்டத்தின் 12ஆம் பிரிவு. கல்வி, அறிவியல் ஆய்வு, உயிர்காக்கும் மருந்துக்காக நஞ்சு எடுத்தல் போன்ற காரணங்களுக்கு மட்டும் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தரலாம். அதற்கும் மாநில அரசின் முன்னனுமதி வேண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் மத்திய அரசின் முன்னனுமதி. இன்னொன்று, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பூங்கா. அங்கீகாரம் உள்ள இரு பூங்காக்கள் தமக்குள் விலங்கை மாற்றிக்கொள்ளவும் ஆணையத்தின் அனுமதி தேவை.

கல்லூரிக்காரர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் "மாணவர்களும் பொதுமக்களும் பார்க்க" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். பொதுமக்களுக்குக் காட்சி என்றாலே சட்டத்தின் பார்வையில் அது உயிரியல் பூங்கா. அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது, கோப்பு அங்கேயே நிற்கும். ஆய்வு என்றால் ஆய்வு என்று மட்டும் எழுதுங்கள்.

இணைக்க வேண்டியவை: நிறுவனத் தலைவரின் கடிதம், எத்தனை பாம்பு, எங்கிருந்து, எத்தனை மாதத்துக்கு, எதற்காக என்று சொல்லும் ஆய்வுத் திட்டம், பொறுப்பாளர்களின் தகுதிச் சான்றுகள், அறையின் அளவு போட்ட வரைபடம், கால்நடை மருத்துவரின் ஒப்புதல் கடிதம், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுத் தீர்மானம், மருத்துவமனை ஏற்பாட்டுக் கடிதம். இந்தக் கடைசிக் கடிதத்தைக் கடைசியாக அல்ல, முதலாவதாகவே வையுங்கள். அது முன்னால் இருந்தால் படிக்கிறவருக்கு நீங்கள் யோசித்திருக்கிறீர்கள் என்று புரியும். இனப்பெருக்கம் செய்ய எண்ணம் இருந்தால் அதையும், பிறக்கும் குட்டிகள் எங்கே போகும் என்பதையும் இப்போதே எழுதுங்கள். பின்னால் "தானாகக் குட்டி போட்டுவிட்டது" என்று விளக்கக் கடிதம் எழுதுவது சங்கடம்.

சென்னைக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் நகலை மாவட்ட வன அலுவலரிடம் கொடுத்துக் கையெழுத்தோடு ஒப்புகை வாங்குங்கள். இடத்தைப் பார்க்க வருவது அந்த அலுவலகம்தான். மொத்தத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். ஜூனில் கல்லூரி திறந்ததும் விண்ணப்பித்து டிசம்பரில் பாம்பு வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது. அந்த இடைவெளி வீண் இல்லை, அறை தயாராக அதுவே சரியாக இருக்கும்.

3. பாம்புக்கு முன்னால் மருத்துவமனை

இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாராவது. மூங்கில் விரியனின் நஞ்சு அதில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் கூண்டு வாங்கக் கிளம்பாதீர்கள்.

கடித்தால் தாங்க முடியாத வலி, கை முழுக்க வீக்கம், சிலருக்கு ரத்தம் உறையாமை. சாவு அரிது என்பதைப் பலர் "ஆபத்தில்லை" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். விரல் திசு அழுகிப் போவதும் ஆபத்துதான்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. இரண்டில் உங்கள் இடத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுங்கள். எந்த இனம், எத்தனை, நஞ்சுமுறி மருந்தில் இதன் நஞ்சு சேராது, பொறுப்பாளர் யார். பாம்பு அறைக் கதவிலும் இதே தகவலோடு ஓர் அட்டை தொங்க வேண்டும். கடிபட்டவரோடு அந்த அட்டையும் போக வேண்டும். அட்டை இல்லாவிட்டால் "விரியன் கடி" என்ற சொல்லைக் கேட்டதும் பாட்டில் பாட்டிலாக நஞ்சுமுறி ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. பலன் இல்லை, ஒவ்வாமை மட்டும் மிஞ்சும்.

கடித்தவுடன் செய்ய வேண்டியது: முதலில் பாம்பு கூண்டுக்குள் இருக்கிறதா என்று உடனிருப்பவர் பார்த்துப் பூட்டுவது. மோதிரம், கடிகாரம், வளையல், கயிறு எல்லாம் உடனே கழற்றுவது. வீக்கம் வந்தபிறகு முடியாது. கையை அசைக்காமல் மட்டை வைத்துத் தாங்குவது. 108. கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய், அதனால் மருத்துவமனை பதிவு செய்யும். மறைக்க நினைக்காதீர்கள்.

4. அறை

பத்துக்குப் பத்து அடி போதும். தரைத்தளம், வடக்குப் பக்கம், தலைக்கு மேலே இன்னொரு மாடி. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏன் என்று மே மாதம் தெரியும்.

பீரோ, அட்டைப்பெட்டி, பழைய மேசை எதுவும் உள்ளே கூடாது. தப்பிய பாம்பு ஒளிய இடமே இல்லாத அறைதான் நல்ல அறை. சுவருக்கு வெள்ளைப் பெயின்ட். தண்ணீர் போகும் துவாரத்துக்கும் ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டைக்கும் துருப்பிடிக்காத வலை. ஓட்டையைச் சுற்றி மிஞ்சும் இடைவெளிதான் எல்லோரும் மறப்பது. அதை சிமென்ட் போட்டு மூடுங்கள், ஃபோம் போதாது. கதவின் அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கதவில் ஒரு கண்ணாடிச் சன்னல் வேண்டும். உள்ளே போகும் முன் வெளியே நின்றே பாம்புகளை எண்ணி, எண்ணிக்கை சரியாக வந்தால்தான் பூட்டைத் தொடுவது.

சாவி இரண்டே பேரிடம். உள்ளே போகிறபோது இரண்டு பேர்.

5. கூண்டு

ஒரு வளர்ந்த பாம்புக்கு 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 90 செ.மீ. உயரம். ஒரு கூண்டில் ஒன்றுதான். கூண்டின் சட்டகம் அலுமினியம், பின்பலகை ஈரத்தில் ஊதாத டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை), முன்னால் 5 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி. காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் அலுமினிய வேலை செய்யும் கடைகளில் அளவு கொடுத்தால் செய்வார்கள்.  கடைக்காரர் ஷோகேஸ் போலத் தள்ளு கண்ணாடி போடப் பார்ப்பார். இரண்டு கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர் சந்து விழும், குட்டிப் பாம்புக்கு அதுவே ராஜபாட்டை. கீல் வைத்த கதவு, இரண்டு இடத்தில் பூட்டு என்று சொல்லிச் செய்யுங்கள்.

காற்றுக்கு மேலேயும் பக்கத்திலும் வலை. கண் ஒரு மில்லிமீட்டர் அளவு, அதிலும் இரட்டை வலை, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. ஒற்றை வலையில் கை பட்டால் நச்சுப்பல் அந்தப் பக்கம் வந்துவிடும்.

கொம்புதான் இந்தக் கூண்டின் உயிர். பாம்பு பகல் முழுக்க அதில் மடிந்து கிடக்கும். பேர் மூங்கில் விரியன் என்பதால் வழுவழு மூங்கிலை வைக்க வேண்டாம், பிடிமானம் இல்லாமல் சிரமப்படும். கொய்யாக் கொம்பு நல்லது. பாம்பின் நடு உடல் தடிமனுக்கு ஏறக்குறைய சமமாக, ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. கிடைமட்டமாக, கூண்டின் நடு உயரத்தில் ஒன்று, அதற்குக் கொஞ்சம் மேலே ஒன்று. ஆணி அடிக்காதீர்கள். இரு பக்கமும் 'யு' வடிவத் தாங்கியில் உட்காரும்படி வையுங்கள். கூண்டு கழுவும் நாளில் பாம்பைக் கொம்பிலிருந்து பிரிக்கத் தேவையில்லை. நீளக் கொக்கியால் கொம்போடு தூக்கி மாற்றுப் பெட்டியில் வைத்துவிடலாம். இந்த ஒரு ஏற்பாடு பாதிக் கடிகளைத் தவிர்க்கும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மணி பிளான்ட் ஒரு தொட்டி வைக்கலாம். அடர்த்தியாக விடாதீர்கள், பாம்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தால் கதவைத் திறக்க முடியாது. தரையில் முதலில் செய்தித்தாள், பிறகு விருப்பம் போலத் தேங்காய் நார்த்தூள்.

6. வெயில், ஏ.சி., தண்ணீர்

மற்ற ஊர் வழிகாட்டிகள் சூடாக்குவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். வேலூரில் பிரச்சினை தலைகீழ். இது மலைப்பக்க ஓடையோரப் பாம்பு. பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் 20 முதல் 22. அறை 32ஐத் தாண்டி நின்றால் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மே மாதம் வெளியே 42.

அதனால் ஏ.சி. உண்டு, அதோடு இரண்டு சிக்கலும் உண்டு. ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரப்பதம் 60க்குக் கீழே போனால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண் மேல் பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். குளிர்காற்று நேராகக் கூண்டில் பட்டாலோ மூக்கில் சளி, வாயோரம் நுரைக் குமிழி. காற்றைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு அறையில் ஓர் ஈரமூட்டி வையுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒவ்வொரு கூண்டிலும் கொம்பின் உயரத்தில் இருக்கட்டும். சுவரில் மாட்டியது சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத அறையில் இந்தப் பாம்பை வைக்க வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் ஏ.சி.யை இழுக்காது. அவசரத்துக்குத் தெர்மாகோல் பெட்டி ஒன்று, துணியில் சுற்றிய ஐஸ் பொட்டலம் இரண்டு தயாராக இருக்கட்டும். பாம்புள்ள பூட்டிய பெட்டியை அதற்குள் வைக்கலாம். ஐஸ் பொட்டலம் பாம்புள்ள பெட்டியில் படக் கூடாது. மாதச் செலவில் பாம்பு தின்பதைவிட ஏ.சி. தின்பதுதான் அதிகம்.

தண்ணீர் அடுத்தது. பாலாற்றுப் படுகை போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. தெளிப்பான் முனை இரண்டு வாரத்தில் அடைத்துக்கொள்ளும், கண்ணாடியில் வெள்ளைப் படலம். ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ பயன்படுத்துங்கள். விளக்கணைக்கும் நேரத்தில் ஒருமுறை நன்றாகத் தெளியுங்கள். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை இது பல நாள் சீண்டாது. தெளித்தபிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தலையை மெல்லத் தாழ்த்தி, தன் உடல் மடிப்பில் தேங்கிய துளிகளைத் தாடையை அசைத்து அசைத்துக் குடிக்கும். இதைப் பார்த்துவிட்டால் அன்றைய குறிப்பில் "குடித்தது" என்று எழுதலாம். காலைக்குள் கூண்டு காய்ந்துவிட வேண்டும். எந்நேரமும் நனைந்திருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும்.

7. வந்த பாம்புக்கு 90 நாள்

தனி அறையில், தனிக் கொக்கியோடு, செய்தித்தாள் தரையில் 90 நாள். முதல் ஐந்து நாள் தண்ணீர் தெளிப்பதைத் தவிர எதுவும் செய்யாதீர்கள். படம் எடுக்க வருபவர்களை வெளியே நிறுத்துங்கள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. செதிலின் மேல் சாம்பல் தூவியது போலப் புள்ளி தெரிந்தால் உண்ணி. அந்தப் பாம்பைத் தொட்ட கொக்கி இன்னொரு கூண்டுக்குப் போகக் கூடாது. மலத்தைப் புதிதாக எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால் குடல் புழு தெரியும். காட்டுத் தவளை தின்ற பாம்பில் அநேகமாக இருக்கும். மூன்றாவது, மலம் வராதது. மரவிரியன்கள் மாதக்கணக்கில் அடக்கிவைக்கும் பழக்கம் உள்ளவை. ஆறு வாரம் தாண்டி வயிற்றின் பின்பகுதி உப்பினால் வெதுவெதுப்பான தண்ணீரை மழை போல அரைமணி நேரம் தெளியுங்கள். பெரும்பாலும் அன்றிரவே பலன் தெரியும்.

8. கையாளுதல், தீனி

மெல்லிய நுனிக் கொக்கி இரண்டு, 60 செ.மீ. இடுக்கி ஒன்று, பாம்பின் தடிமனுக்கு ஏற்ற தெளிந்த அக்ரிலிக் குழாய் மூன்று அளவில். மருத்துவர் தொட வேண்டியிருந்தால் தலை குழாய்க்குள் போய், உடலின் மூன்றில் ஒரு பங்கு நுழைந்தபிறகே பிடிக்க வேண்டும். கழுத்தைக் கையால் பிடிப்பது வீரம் காட்டுபவர்களின் வேலை. இந்தப் பாம்பு பகலில் கல் போலக் கிடக்கும். "சாது" என்று நினைத்துக் கொம்புக்கு அருகே கையைக் கொண்டுபோவார்கள். கையின் சூடு அதன் குழிக்குத் தெரியும், கண் தேவையில்லை.

இரை ஆய்வகச் சுண்டெலி, உறைய வைத்தது. இரவில், பனி முழுக்க விட்டபிறகு, வெந்நீரில் 38 முதல் 40 டிகிரிக்குச் சூடாக்கி, துடைத்து, இடுக்கியில் நீட்டுங்கள். தலைப்பக்கம் முதலில் சூடாக இருக்கட்டும். தடிமன் பாம்பின் நடு உடல் அளவு. வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒன்று. தரை விரியன் கடித்துவிட்டு விட்டுவிடும். மரவிரியன் பெரும்பாலும் பிடித்த பிடியை விடாது. அதனால் இடுக்கியைப் பிடுங்காதீர்கள், மெதுவாகத் தளர்த்துங்கள். விழுங்கி முடித்து இரண்டு நாள் வரை கூண்டைத் தொடக் கூடாது. தொட்டால் கக்கும்.

எலியைச் சீண்டாத பாம்பு வரும். செத்த வீட்டுப் பல்லியை உறைய வைத்து, பிறகு எலியின் முகத்தில் தேய்த்துக் கொடுத்துப் பாருங்கள். நான்கைந்து முறையில் வாசனையைக் குறைத்துக்கொண்டே வரலாம். காட்டிலிருந்து தவளை பிடித்துவந்து போடுவது புழுவையும் சட்டச் சிக்கலையும் சேர்த்துக் கொண்டுவரும்.

9. ஜோடி சேர்ப்பது

அனுமதியில் இனப்பெருக்கம் எழுதியிருந்தால் மட்டும் இந்தப் படி. பெண் பெரிதாக இருக்கும். ஆணின் வால் அடிப்பகுதியில் தடித்து, நீண்டு குறுகும். பார்வையால் முடிவெடுக்காமல் மருத்துவரைக் குழாய் முறையில் உறுதி செய்யச் சொல்லுங்கள். குறைந்தது ஓராண்டு ஒழுங்காகத் தின்று, முதுகெலும்பு துருத்தித் தெரியாத அளவு தேறிய பெண்தான் தகுதி.

வேலூர்க்காரர்களுக்குச் சாதகமாக இருப்பது இந்த இடம்தான். ஐப்பசி மழையில் இரவு குளிரத் தொடங்கி, மார்கழியில் தானாகவே 18, 19க்கு இறங்கும். இரவில் ஏ.சி.யை நிறுத்தி, பகல் 24 அளவில், தெளிப்பதை இரண்டு வேளையாக்கி ஆறு முதல் எட்டு வாரம் விடுங்கள். குளிர்விக்கும் முன் இரண்டு வாரம் தீனி நிறுத்திக் குடல் காலியாகட்டும். பிறகு ஆணைக் கொம்போடு தூக்கிப் பெண்ணின் கூண்டில் வையுங்கள். சேராவிட்டால் நான்கு நாளில் பிரித்து, ஒரு வாரம் விட்டு மறுபடி. சேர்த்து வைத்திருக்கும் நாளில் தீனி கிடையாது. ஒரே எலியை இரண்டும் பிடித்தால் பிரிக்க வழியில்லை.

விரியன்கள் விந்தணுவைப் பல மாதம் சேமித்து வைக்கும். காட்டிலிருந்து வந்த பெண் ஆணையே பார்க்காமல் குட்டி போடலாம். அதனால் புதிதாக வந்த எந்தப் பெண்ணின் கூண்டிலும் வலை இரட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

சினைப்பட்ட பெண் கூண்டின் சூடான மூலையை விடாது, கடைசி வாரங்களில் தின்னாது. அதற்காகப் பயந்து தீனியைத் திணிக்க வேண்டாம். பகலில் 28 டிகிரி கிடைக்கும் ஓரிடம் இருந்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கோடைக்குள் சினைக்காலம் நுழைவதால் ஏப்ரல், மே மாத மின்வெட்டு இப்போது இரட்டை ஆபத்து. ஒரு பிற்பகல் சூடு போதும், குட்டிகள் உள்ளேயே செத்துவிடும்.

10. குட்டிகள்

முட்டை இடாது, குட்டி போடும். பிறந்த நிமிடத்திலிருந்தே பல்லும் நஞ்சும் உண்டு. ஈர்க்குச்சியைவிடச் சற்றுத் தடிமன். கூண்டைத் திறக்கும் முன் வெளியிலிருந்து எண்ணுங்கள், இரண்டு பேரும் தனித்தனியே எண்ணுங்கள். செத்தது, கருவாகாத மஞ்சள் கட்டி இவற்றையும் எண்ணிக் குறிக்க வேண்டும். எண்ணிக்கையை அன்றே பதிவேட்டில் ஏற்றி வனத்துறைக்கு எழுதுங்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு டப்பாவில், ஊசி முனையளவு காற்றுத் துளையோடு, பென்சில் தடிமன் குச்சி ஒன்று குறுக்கே வைத்து, எல்லா டப்பாவையும் பூட்டுள்ள ஒரே பெரிய பெட்டிக்குள். தரையில் நனைத்த டிஷ்யூ. குட்டிகள் இரண்டு நாளில் காய்ந்து சாகக்கூடியவை, பெரிய பாம்பைப் போலத் தாங்காது. ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டை உரிக்கும். அதற்கு முன் தீனி நீட்டிப் பயனில்லை.

பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. பாதிக் குட்டிகள் எலிக்குஞ்சை உணவாகவே மதிக்காது. பல்லி வாசனை தேய்த்த எலிக்குஞ்சின் கால் ஒன்றை 30 செ.மீ. இடுக்கியில் பிடித்து, வாலின் பக்கத்தில் மெல்லத் தட்டுங்கள். எரிச்சலில் கடிக்கும். கடித்ததும் அசையாமல் நில்லுங்கள், மூச்சைக்கூட அடக்கி. வாயில் இருப்பது தீனி என்று அதற்கு உறைக்க ஒரு நிமிடம் ஆகலாம். துப்பினால் மூன்று நாள் கழித்து மறுபடி. ஆறு வாரம் தின்னாத குட்டிக்கு வாய்வழி ஊட்டுவது மருத்துவரின் வேலை. உங்கள் விரலுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவில் அங்கே பஞ்சு மட்டும்தான் இருக்கும்.

தொடர்ந்து ஐந்து முறை தானாகத் தின்ற குட்டியைத்தான் வேறு பூங்காவுக்கு அனுப்பலாம். அனுமதிக் கடிதம் கையில் வந்தபிறகு, திருகு மூடி டப்பா, அதைச் சுற்றித் துணிப்பை, அதற்கு வெளியே பூட்டிய மரப்பெட்டி. மூன்றின் மேலும் இனப்பெயர், எண்ணிக்கை, "நச்சுப் பாம்பு", பொறுப்பாளரின் தொலைபேசி எண், நஞ்சுமுறி இல்லை என்ற வரி. வண்டி இரவு பத்து மணிக்குப் பிறகு கிளம்பட்டும். பகலில் வாலாஜா சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் காருக்குள் பெட்டி எவ்வளவு சூடாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.